மூன்று நாள் ரிப்போர்ட்டும் முதல் மணி நேர ஸ்லைடும்

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் ஐசியுவில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். போன மாதம் தலையில் அடிபட்ட ஓர் இளைஞர் எங்களிடம் வென்டிலேட்டரில் இருந்தார். ஆறாம் நாள் காய்ச்சல் ஏறியது. ட்யூபில் வரும் சளி மஞ்சளாகக் கெட்டிப்பட்டது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் கீழே புதிதாக ஒரு நிழல். ராத்திரியே ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். மறுநாள் காலை டியூட்டிக்கு வந்த நான் சளி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் 'அசினெட்டோபாக்டர், ஹெவி க்ரோத்' என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு டாக்டர், இதற்கேற்ற மருந்து உடனே போட வேண்டும் என்றார். இன்னொருவர், இது ட்யூபில் குடியேறிய கிருமி, நோய்க்குக் காரணம் இதுவாக இருக்காது என்றார். அந்தத் தம்பி பிழைத்துக்கொண்டார். ஆனால் என் மனதில் கேள்விகள் நிற்கின்றன. ஆஸ்பத்திரியில் வரும் நிமோனியாவை லேபில் சீக்கிரமே கண்டுபிடிக்க வழியே இல்லையா? ரத்தத்தில் ப்ரோகால்சிட்டோனின் என்ற தொற்று அடையாளத்தைப் பார்த்தால் போதுமா? கிருமியின் மரபணுவைத் தேடி ஒரு மணி நேரத்தில் முடிவு தரும் பிசிஆர் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது இருந்தால் கல்ச்சர் வேண்டாமா? இதில் என் கையில் ஏதாவது இருக்கிறதா?

பதில்: அன்புள்ள சிஸ்டர்,

கடைசியாகக் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆறுதலுக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இருபது வருடத்துக்கும் மேலாக மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து இந்தச் சளி மாதிரிகளைப் பார்த்து வருகிறேன். சீக்கிரம் கண்டுபிடித்த கேஸ்களை யோசித்தால், பெரும்பாலானவற்றில் விலை உயர்ந்த மெஷின் எதுவும் இருந்ததில்லை. நேரத்தோடு ஒழுங்காக எடுத்த ஒரு சாம்பிள், அரை மணியில் பார்த்த ஒரு ஸ்லைடு, வார்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான் இருந்தது. தவறிப்போன கேஸ்களிலும் அநேகமாக இந்த மூன்றில் ஒன்றுதான் விட்டுப்போயிருக்கும்.

முதலில் அந்த இரண்டு டாக்டர்களும் ஏன் முரண்பட்டார்கள் என்று பார்ப்போம். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

அட்மிஷன் ஆகி 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் நிமோனியாவைத்தான் ஆஸ்பத்திரியில் பிடித்த நிமோனியா என்கிறோம். ட்யூப் போட்டு 48 மணி நேரம் கடந்த பிறகு வந்தால் அது வென்டிலேட்டர் நிமோனியா. ட்யூப் போடும்வரை தொண்டைக்கும் நுரையீரலுக்கும் நடுவே குரல்வளை காவல் நிற்கிறது, இருமல் இருக்கிறது. ட்யூப் உள்ளே போனதும் இரண்டும் செயலிழந்துவிடுகின்றன. வாயிலும் தொண்டையிலும் தேங்கும் எச்சில், ட்யூபில் உள்ள கஃப் என்ற காற்றுப்பையைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கசிகிறது. ட்யூபின் உட்சுவரில் கிருமிகள் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. சில நாள் வென்டிலேட்டரில் இருந்த எவருடைய சளியை எடுத்துக் கல்ச்சர் போட்டாலும் அநேகமாக ஏதோ ஒன்று வளரும். அவருக்கு நிமோனியா இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும். அங்கே கிருமி இருப்பதை மட்டுமே கல்ச்சர் சொல்கிறது. அது நுரையீரலைத் தாக்குகிறதா, சும்மா குடியிருக்கிறதா என்பதைத் தனியாக நின்று சொல்ல அதனால் முடியாது.

எக்ஸ்ரேயும் காய்ச்சலும் சேர்ந்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். படுத்தபடி எடுக்கும் போர்ட்டபிள் எக்ஸ்ரேயில் சளி அடைத்துச் சுருங்கிய நுரையீரல், நீர் கோத்தல், ரத்தக் கசிவு எல்லாம் நிமோனியாவைப் போலவே நிழல் காட்டும். 1999-இல் ஸ்பெயினில், வென்டிலேட்டரில் இறந்துபோன 25 பேரின் நுரையீரல் திசுவை ஆராய்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எக்ஸ்ரே நிழலோடு காய்ச்சல், வெள்ளணு மாற்றம், சீழ்ச்சளி ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்தால் நிமோனியா என்று எடுத்துக்கொண்டால், உண்மையில் இருந்தவர்களில் 69 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. இல்லாதவர்களில் 75 சதவீதத்தைத்தான் இல்லை என்று சரியாக விலக்கியது. அதாவது நிமோனியா இல்லாத நால்வரில் ஒருவருக்கு இருக்கிறது என்று தப்பாகச் சொல்லியிருக்கும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் லேப்.

அதனால் 'சீக்கிரம் கண்டுபிடிப்பது' என்றால் என்ன என்பதை நாம் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இருக்கிறது என்று சீக்கிரம் சொல்வது ஒன்று. இல்லை என்று சீக்கிரம் சொல்வது இன்னொன்று. எல்லோரும் முதலாவதைத்தான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் லேப் உருப்படியாக உதவுவது இரண்டாவதில்தான். தேவையில்லாத மருந்தை 48 மணி நேரத்தில் நிறுத்த முடிந்தால் அந்த நோயாளிக்கு நல்லது, பக்கத்து கட்டிலில் படுத்திருப்பவருக்கும் நல்லது. மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிகள் ஐசியுவில் பெருகுவதே நாம் அள்ளி இறைக்கும் மருந்துகளால்தானே.

இப்போது உங்கள் கைக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்திய வரி: ராத்திரி ஆன்டிபயாடிக் மாற்றினார்கள், காலையில் சாம்பிள் எடுத்தேன். உங்கள் மேல் குறையில்லை, நீங்கள் டியூட்டிக்கே காலையில்தான் வந்தீர்கள். ஆனால் நடுவில் போன அந்தச் சில மணி நேரத்தில் நிறைய நடந்துவிடும். புது மருந்து உள்ளே போனதும், அதற்கு மசியும் கிருமிகள் சளியில் வேகமாகக் குறைந்துவிடும். மசியாத கிருமி அப்படியே நிற்கும். நோயை உண்டாக்கியது முன்னதாக இருந்து, ட்யூபில் குடியிருந்தது பின்னதாக இருந்தால், காலையில் எடுத்த சளியில் குடியிருந்தது மட்டும்தான் வளரும். உங்கள் நோயாளியின் அசினெட்டோபாக்டர் அப்படி மிஞ்சி நின்றதாகவும் இருக்கலாம், உண்மையான குற்றவாளியாகவும் இருக்கலாம். மருந்துக்கு முன் எடுத்த சாம்பிள் கையில் இல்லாததால் அந்தச் சண்டையைத் தீர்க்க யாராலும் முடியவில்லை.

ஆகவே ஒரே ஒரு பழக்கத்தை உங்கள் வார்டில் கொண்டுவர முடியும் என்றால், இதைக் கொண்டுவாருங்கள்: சந்தேகம் வந்து மருந்து எழுதும் அந்த நிமிடத்திலேயே, முதல் டோஸ் ஏறுவதற்கு முன், சளியும் இரண்டு செட் ரத்தக் கல்ச்சரும் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் போதும். நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் மட்டும் சாம்பிளுக்காக மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். அப்போதும் ஒருவர் மருந்து கலக்கும் நேரத்தில் இன்னொருவர் சளி எடுத்துவிட முடியும்.

எடுக்கும் விதம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் லேபில் உட்கார்ந்து பார்ப்பவளாகச் சில விஷயங்கள் சொல்கிறேன். எடுக்கும் முன் கெட்டிச் சளியை இளக்க சலைன் ஊற்றும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கல்ச்சருக்கு எடுக்கும்போது வேண்டாம். எண்ணிக்கை நீர்த்துப்போகும். 10 லட்சம் இருந்தது எத்தனையாகக் குறைந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டெரைல் கதீட்டரை உறிஞ்சாமல் உள்ளே விட்டு, தடை தட்டிய பிறகு உறிஞ்சத் தொடங்குங்கள். வழியெல்லாம் உறிஞ்சிக்கொண்டே போனால் ட்யூப் சுவரின் படலத்தைத்தான் அதிகம் அனுப்புவீர்கள். மூடிய சக்ஷனில் பல நாள் ஓடிய கதீட்டர் என்றால் அதிலும் அதே படலம் இருக்கும், மாற்றிவிட்டு எடுக்க முடிந்தால் நல்லது. ட்ராப்பில் 1 மில்லி வந்தால் எனக்குப் போதும். கதீட்டர் நுனியை வெட்டி அனுப்பாதீர்கள், சர்க்யூட்டில் தேங்கிய தண்ணீரை அனுப்பாதீர்கள். இரண்டும் எனக்கு வந்திருக்கின்றன.

அடுத்தது நேரம். எடுத்த சளி இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி வரை குளிர் உள்ள ஃப்ரிட்ஜில் வையுங்கள், 24 மணி நேரம் வரை சமாளிக்கலாம். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் ஒரு கேஸில் கற்றுக்கொண்டேன். சேர்ந்த புதிது. ஒரு நாள் மாலை வந்த சளி, ரிசீவிங் மேஜையில் ராத்திரி முழுக்க அப்படியே இருந்துவிட்டது. காலையில் நான்தான் ஸ்லைடு போட்டேன், கல்ச்சருக்கான ப்ளேட்டும் போட்டேன். ஸ்லைடில் ரோஸ் நிறக் குச்சிக் கிருமிகள் குவியல் குவியலாக இருந்தன. ஆனால் வெள்ளணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். மறுநாள் ப்ளேட்டின் நான்கு கோடுகளிலும் க்ளெப்சியெல்லா கொழகொழவென்று வளர்ந்திருந்தது. ஹெவி க்ரோத் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த நோயாளிக்குச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மருந்து ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்துப் புதிதாக எடுத்த சாம்பிளில் அந்தக் கிருமி சொல்லும்படி வளரவே இல்லை. அதற்குள் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் க்ரியாட்டினின் அவருக்கு ஏறியிருந்தது. மேஜையில் கிடந்த ராத்திரியில் அந்தக் கிருமி பெருகியிருக்கிறது. இத்தனை கிருமி, வெள்ளணு மட்டும் இல்லை என்ற பொருத்தமின்மையை ஸ்லைடு எனக்குக் காட்டியது, நான்தான் கேட்கவில்லை. அந்த மனிதரின் கட்டில் நம்பர் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அன்றிலிருந்து ஸ்லைடைப் பார்க்காமல் ப்ளேட்டை நம்புவதில்லை.

ஸ்லைடு என்று சொல்வது க்ராம் ஸ்டெயினைத்தான். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் க்ராம் என்ற டேனிஷ் மருத்துவர் பெர்லினில், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைத் தனியே காட்ட ஒரு வழி தேடியபோது கண்டுபிடித்த முறை. நிமோனியாவுக்காகவே பிறந்த பரிசோதனை அது. 140 வருடம் ஆகியும் இந்த நோயில் அதைவிட மலிவாக, அதைவிட விரைவாக இத்தனை விஷயம் சொல்லும் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் சுற்றிப் பார்ப்பேன். தட்டையாக, அகலமாக, வாயின் உட்தோலிலிருந்து உதிர்ந்த செல்கள் ஒரு பார்வைப் பரப்பில் பத்துக்கு மேல் இருந்தால் அது எச்சில் கலந்த சாம்பிள். கல்ச்சர் போடாமல் திருப்பி அனுப்பி, புதிதாக எடுக்கச் சொல்வேன். இப்படித் திருப்பி அனுப்பும்போது வார்டில் கோபப்படுவார்கள். தப்பான ரிப்போர்ட் தருவதைவிட அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்வது மேல். அடுத்து வெள்ளணு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரள் திரளாக, நடுவே சளி இழைகளோடு தெரிந்தால் உள்ளே அழற்சி இருக்கிறது. அறவே இல்லை என்றால், அவருக்கு ரத்தத்திலேயே வெள்ளணு குறைந்துபோயிருந்தால் தவிர, வென்டிலேட்டர் நிமோனியா இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. பிறகு எண்ணெய் விட்டு அதிக உருப்பெருக்கத்துக்குப் போவேன். ஊதா நிறத்தில் திராட்சைக் கொத்துபோல் தெரிந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ். ரோஸ் குச்சிகள் என்றால் சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா வகையறா. கிருமி வெள்ளணுவின் வயிற்றுக்குள்ளேயே தெரிந்தால் என் நாற்காலி கொஞ்சம் முன்னால் நகரும். உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

உங்கள் அசினெட்டோபாக்டர் இதில் கொஞ்சம் ஏமாற்றும். குட்டையாக, குண்டாக, இரட்டை இரட்டையாக இருக்கும். சில சமயம் ஊதாச் சாயத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அவசரமாகப் பார்த்தால் வேறு இனமென்று எழுதத் தோன்றும். பழகிய கண் வேண்டும். ராத்திரியில் அந்தக் கண் லேபில் இருக்கிறதா என்பதுதான் பல ஆஸ்பத்திரிகளின் உண்மையான பிரச்னை.

ஸ்லைடை நம்பி மருந்து கொடுக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. ஜப்பானில் 12 ஆஸ்பத்திரிகளில் வென்டிலேட்டர் நிமோனியா வந்த 206 பேரை வைத்து இதைச் சோதித்து 2022-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு வழிகாட்டு நெறிப்படி எல்லாவற்றையும் சமாளிக்கும் பெரிய மருந்துகள். மறு பாதிக்கு ஸ்லைடில் தெரிந்ததற்கு ஏற்ற மருந்து மட்டும். குணமானதில் ஸ்லைடு பக்கம் பின்தங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் சுமார் 30 சதவீதம் பேருக்கு சூடோமோனாஸுக்கான மருந்தும், சுமார் 40 சதவீதம் பேருக்கு எம்ஆர்எஸ்ஏ என்ற, வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டெஃபைலோகாக்கஸுக்கான மருந்தும் தேவைப்படாமலே போயின. அந்த ஊர்க் கிருமிகளின் எதிர்ப்புச் சக்தி எல்லா இடத்துக்கும் பொருந்தாது, அதை மறக்கக் கூடாது. என்றாலும் ஒரு கண்ணாடித் துண்டும் இரண்டு சாயமும் இதைச் செய்திருக்கின்றன என்பதைப் படித்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கல்ச்சருக்கு ஏன் மூன்று நாள் என்றால், கிருமி வளர்ந்து கண்ணுக்குத் தெரிய 18 முதல் 24 மணி நேரம் ஆகும், மருந்துக்கு மசிகிறதா என்று பார்க்க மறுபடி ஏறக்குறைய அதே நேரம். நடுவில் இனம் கண்டுபிடிக்கப் போன நாளை மால்டி-டாஃப் என்ற மெஷின் சில நிமிடமாக்கிவிட்டது. அது இருக்கும் லேபில் இரண்டாம் நாள் காலையிலேயே பெயர் தெரிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் 'ஹெவி' என்று இருந்ததே, அது ப்ளேட்டில் நான்கு பகுதியாக இழுக்கும்போது கடைசிப் பகுதி வரை வளர்ந்தது என்று அர்த்தம். துல்லியமாக எண்ணும் லேபுகளில், ட்யூப் சளி என்றால் ஒரு மில்லிக்கு 1 லட்சம், மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோப் வைத்து நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் என்றால் 10 ஆயிரம், உறையிட்ட ப்ரஷ் என்றால் 1000 என்று எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே வளர்ந்தால் குடியிருப்பு என்று நினைக்கலாம். ஏற்கெனவே மருந்து போய்க்கொண்டிருந்தால் இந்த எல்லைக்கோட்டை நம்ப முடியாது.

ப்ராங்கோஸ்கோப் வைத்து எடுத்தால்தான் நல்லதா என்று பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2000-இல் பிரான்சில் 413 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அப்படி எடுத்தவர்களில் 14-ஆம் நாள் இறப்பு குறைவாக இருந்தது. 2006-இல் கனடா குழு 740 பேரை வைத்துச் செய்தபோது இரண்டுக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. 2016-இல் வந்த அமெரிக்க நெறிமுறை சாதாரண ட்யூப் சளியே போதும் என்றது, அடுத்த வருடம் வந்த ஐரோப்பிய நெறிமுறை ஆழத்திலிருந்து எண்ணிக்கையோடு எடுப்பதை விரும்பியது. என்னைக் கேட்டால், ஸ்கோப் போட ஆள் வரும் வரை ஆறு மணி நேரம் காத்திருப்பதைவிட, மருந்துக்கு முன் நீங்கள் எடுக்கும் ட்யூப் சளி மேலானது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர், முதல் மருந்துக்கு மசியாதவர் என்றால் ஸ்கோப் அவசியம். அங்கே பூஞ்சை, வைரஸ் எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கும்.

ஒன்று மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ட்யூப் சளியில் கேன்டிடா என்ற பூஞ்சை வளர்ந்ததாக ரிப்போர்ட் வந்தால் அது நிமோனியாவுக்குக் காரணமாக இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

ப்ரோகால்சிட்டோனின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மருந்து தொடங்கலாமா என்று முடிவெடுக்க அதை நம்ப வேண்டாம் என்றே 2016 நெறிமுறை சொல்கிறது. பெரிய விபத்து, பெரிய அறுவைச் சிகிச்சை, தீக்காயம் இவற்றிலும் அது ஏறும், உங்கள் நோயாளியே அடிபட்டவர்தான். நிமோனியா இருந்தும் ஏறாமல் இருப்பதும் உண்டு. தொடங்கிய மருந்தை நிறுத்தலாமா என்று பார்க்கும்போது, நாளுக்கு நாள் இறங்குகிறதா என்று கவனிக்க உதவும். சிஆர்பி என்ற அழற்சிக்கான ரத்தப் பரிசோதனை இன்னும் பொதுவானது. ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும், ஆனால் அதில் கிருமி வருவது சிலருக்குத்தான். வந்தாலும் அது வேறு இடத்திலிருந்து, சென்ட்ரல் லைனிலிருந்தோ சிறுநீரிலிருந்தோ வந்ததா என்று பார்க்க வேண்டும்.

இனி பிசிஆர். நிமோனியா பேனல் என்று சொல்கிறார்களே, சளியைப் போட்டால் சுமார் ஒரு மணி நேரத்தில் முக்கியமான பாக்டீரியாக்கள், வைரஸ்கள், சில எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கின்றனவா என்று சொல்லிவிடும் கிட் அது. வேறு சில வகைகளுக்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். நான் அதை வரவேற்கிறவள். ஃப்ளூ காலத்தில் வென்டிலேட்டரில் இருந்த ஒருவருக்கு பாக்டீரியா எதுவும் இல்லாமல் ஃப்ளூ மட்டும் வந்தபோது, அந்த ஒரு மணி நேரத்தில் சிகிச்சையே திசை மாறியதைப் பார்த்திருக்கிறேன். மருந்து தொடங்கிய பிறகு எடுத்த சாம்பிளிலும் அது கிருமியைக் காட்டும், கல்ச்சரில் வளராமல் போனதைக்கூட.

ஆனால் அதே பலம்தான் பலவீனமும். செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதற்கு ஒன்றுதான். ட்யூபில் குடியிருப்பதும் நுரையீரலைத் தாக்குவதும் அதற்கு ஒன்றுதான். இந்த வித்தியாசத்தில் கல்ச்சர் திணறுகிற அதே இடத்தில் இதுவும் திணறும், இன்னும் அதிகமாகவே. பேனலில் இல்லாத கிருமியை அது பார்க்காது. எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று சொல்லும், இரண்டு கிருமி இருந்தால் எதனுடையது என்று சொல்லாது. கார்பபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கு அசினெட்டோபாக்டர் காட்டும் எதிர்ப்புக்கு முக்கியக் காரணமான ஆக்ஸா-23 மரபணு எல்லா பேனலிலும் கிடையாது. அது இல்லாத பேனலில் 'எதிர்ப்பு மரபணு ஏதும் இல்லை' என்று வந்ததை நம்பி அந்த வகையான மெரோபெனம் தொடர்ந்தால் நோயாளி நிலை என்ன ஆகும்? பிரிட்டனில் இந்தப் பேனலை ஐசியு நிமோனியாவில் சோதித்த இன்ஹேல் ஆய்வில், முதல் 24 மணி நேரத்தில் மருந்துத் தேர்வு தெளிவாகச் சீரானது. ஆனால் நோயாளிகள் குணமாவதில் வழக்கமான முறைக்கு இது குறைந்ததில்லை என்று அவர்களால் நிரூபிக்க முடியவில்லை. அதனால் பிசிஆர் இருந்தாலும் கல்ச்சர் வேண்டும், கட்டாயம் வேண்டும். எந்த மருந்து எத்தனை அளவில் வேலை செய்யும் என்பதை இன்றைக்கும் உயிரோடு வளர்ந்த கிருமியிடம்தான் கேட்க முடிகிறது.

இதே பிரிட்டனில் இன்னொரு ஆய்வும் நடந்தது, நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. கழுவி எடுத்த நீரில் இன்டர்லூக்கின் என்ற அழற்சிப் பொருள்களை அளந்து, குறைவாக இருந்தால் நிமோனியா இல்லை என்று சொல்லும் பரிசோதனை. விலக்குவதற்கு அது நன்றாகவே வேலை செய்யும் என்று முன்பே தெரிந்திருந்தது. 24 ஐசியுக்களில் கொடுத்துப் பார்த்தார்கள், 2020-இல் முடிவு வந்தது. மருந்து உபயோகம் குறையவே இல்லை. முடிவு கையில் இருந்தும் மருந்தை நிறுத்த மனது வரவில்லை. என்ன மெஷின் வாங்கினாலும், முடிவு வந்தால் என்ன செய்வோம் என்று லேபும் ஐசியுவும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்காவிட்டால் பயனில்லை என்று எனக்குப் புரிந்தது அதிலிருந்துதான்.

மலிவான ஒன்று விட்டுப்போகக் கூடாது. மூக்கில் எடுக்கும் எம்ஆர்எஸ்ஏ ஸ்வாப். அது நெகட்டிவ் என்றால் நிமோனியாவுக்கு எம்ஆர்எஸ்ஏ காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எம்ஆர்எஸ்ஏவுக்காகப் போடும் வான்கோமைசினை நிறுத்தத் தைரியம் தரும். பாசிட்டிவ் என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் தம்பி விஷயத்துக்குத் திரும்புகிறேன். அவரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அன்று லேபில் நான் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று மட்டும் சொல்கிறேன். அந்தச் சளியின் ஸ்லைடில் வெள்ளணு எப்படி இருந்தது? குட்டைக் குண்டுக் கிருமிகள் வெள்ளணுவுக்குள் இருந்தனவா, வெளியே சிதறிக் கிடந்தனவா? ராத்திரி போட்ட மருந்து அசினெட்டோபாக்டருக்கு வேலை செய்யாத மருந்து என்றால், அந்த மூன்று நாளில் அவருக்கு ஆக்ஸிஜன் தேவை ஏறியதா, இறங்கியதா? வேலை செய்யாத மருந்திலேயே அவர் தேறிக்கொண்டிருந்தால் குடியிருப்பு என்று சொன்ன டாக்டர் பக்கம் நான் சாய்ந்திருப்பேன். காய்ச்சலும் ஆக்ஸிஜனும் மோசமாகிக்கொண்டே போய், ஸ்லைடும் அதையே சொல்லியிருந்தால், ரிப்போர்ட்டுக்காக மூன்று நாள் பொறுத்திருக்கவே மாட்டேன். முதல் நாளே போன் செய்திருப்பேன்.

அந்த போன் பற்றி ஒரு சம்பவம். வென்டிலேட்டரில் ஐந்தாம் நாள், இடது பக்கம் முழுக்க வெளுத்த எக்ஸ்ரே, காய்ச்சல். ட்யூப் சளி மருந்துக்கு முன்பே, எடுத்த பதினைந்தாவது நிமிடம் என் மேஜைக்கு வந்துவிட்டது. எடுத்த சிஸ்டரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றார். ஸ்லைடு முழுக்கச் சளி இழைகள், நுரையீரல் ஆழத்திலிருந்து வரும் பெரிய மேக்ரோஃபேஜ் செல்கள், வெள்ளணு ஒன்றிரண்டு, கிருமி இல்லை. ஆழத்திலிருந்து வந்த நல்ல சாம்பிள், ஆனால் சண்டை நடந்த தடம் இல்லை. டாக்டரை அழைத்து, சளிக் கட்டி அடைத்திருக்குமா பாருங்கள் என்றேன். ஸ்கோப் விட்டு ஒரு கெட்டிச் சளி அச்சை எடுத்தார்கள், மறுநாள் எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் விரிந்திருந்தது. கல்ச்சர் வளரவில்லை. அவருக்குப் புது ஆன்டிபயாடிக் தேவைப்படவே இல்லை.

உங்கள் வார்டு படிவத்தில் மூன்று விஷயம் எழுத இடம் இருக்கிறதா பாருங்கள். சளி எடுத்த மணி. ட்யூப் போட்டு எத்தனையாவது நாள். கடந்த 72 மணி நேரத்தில் போன ஆன்டிபயாடிக் என்ன, கடைசி டோஸ் எப்போது. இடம் இல்லை என்றால் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள், நாங்கள் படிப்போம். இவை இல்லாமல் வரும் சாம்பிளுக்கு 'ஹெவி க்ரோத்' என்று எழுதுவதைத் தவிர எங்களுக்கு வழியில்லை.

அடுத்த முறை முடிந்தால் சாம்பிளை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஒரு தடவை போங்கள். அரை மணி நேரம் ஆகும், யாரையாவது உங்கள் கட்டிலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போங்கள். ஸ்லைடு காய்ந்து, சாயம் ஏற்றி, எண்ணெய் விட்டதும், எனக்கும் காட்டுங்கள் என்று கேளுங்கள். கட்டாயம் காட்டுவார்கள்.